தொடக்கநிலைத் துணிகர முதலீட்டு நிதிகள்: வரி விதிகளும் அரசு ஊக்கங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் பணம் போடும் நிதிகளை இந்தியாவில் எப்படி வரிவிதிக்கிறார்கள், அரசு எங்கே கைகொடுக்கிறது, எங்கே கொடுப்பதில்லை என்பதை இங்கே பார்க்கிறோம். இத்தகைய நிதியில் பணம் போட நினைப்பவர்களும், நிதி தொடங்க நினைப்பவர்களும், நிதியிடமிருந்து முதலீடு பெறப்போகும் நிறுவனர்களும் கேட்கும் கேள்விகளே இவை. பிரிவு எண்கள் அனைத்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்து எண்கள் மாறினாலும், துறையில் இருப்பவர்கள் இன்னும் பழைய எண்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

துணிகர முதலீட்டு நிதி என்று சட்டம் எதைச் சொல்கிறது?

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் 2012ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி ஒழுங்குமுறைகளின் கீழ் பதிவு செய்யப்பட்ட நிதியைச் சொல்கிறது. இந்த ஒழுங்குமுறை நிதிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தொடக்கநிலை நிறுவனங்கள், சிறு நிறுவனங்கள், சமூகப் பயன் தரும் முயற்சிகள், உள்கட்டமைப்பு ஆகியவற்றில் முதலீடு செய்பவை முதல் வகை. துணிகர முதலீட்டு நிதிகளும், ஆரம்பக் கட்டத்தில் பணம் போடும் தனிநபர்களைத் திரட்டும் ஏஞ்சல் நிதிகளும் இதில்தான் வருகின்றன. தனியார் பங்கு நிதிகளும் கடன் நிதிகளும் பெரும்பாலும் இரண்டாம் வகை. சிக்கலான வர்த்தக உத்திகளைக் கையாளும் ஹெட்ஜ் நிதிகள் மூன்றாம் வகை.

வரியைப் பொறுத்தவரை முதல் இரண்டு வகைகளுக்கு ஒரு விதி, மூன்றாம் வகைக்கு வேறு விதி. அதனால் எந்த நிதியில் சேரும்போதும் முதலில் கேட்க வேண்டியது அதன் பதிவு வகை. விளம்பரத் தாளில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம், செபி பதிவுச் சான்றிதழைப் பாருங்கள்.

யார் வேண்டுமானாலும் பணம் போடலாமா?

முடியாது. ஒரு முதலீட்டாளர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். மேலாண்மை நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் இந்த வரம்பு 25 லட்சம். ஒரு திட்டத்தில் 1,000 முதலீட்டாளர்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது. நிதியின் மொத்தத் தொகை குறைந்தது 20 கோடியாக இருக்க வேண்டும். முதல் இரண்டு வகை நிதிகளை நடத்துபவர் அந்தத் தொகையில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, இவற்றில் எது குறைவோ அதைத் தன் சொந்தப் பணமாகக் கடைசி வரை நிதிக்குள் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. பிறர் பணத்தை ஆபத்தில் இறக்குபவர் தன் பணத்தையும் அதே ஆபத்தில் வைத்திருந்தால்தான் அவர் பேச்சுக்கு மதிப்பு.

பணத்தை ஒரே தடவையில் கட்டத் தேவையில்லை. ஒப்புக்கொண்ட தொகையை நிதி தேவைப்படும்போது தவணை தவணையாகக் கேட்டு வாங்கும். ஆனால் நிதி குறைந்தது மூன்று ஆண்டு மூடப்பட்டதாக இருக்க வேண்டும். தொடக்கநிலை நிதிகள் நடைமுறையில் எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஓடுகின்றன. இடையில் வெளியேற எளிதான கதவு இல்லை.

ஏஞ்சல் நிதிகளின் விதிகளைச் செபி 2025இல் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர்களுக்கு மட்டும் என்று ஆக்கியிருக்கிறது. தனிநபருக்கு அந்த அங்கீகாரம் கிடைக்க மூன்று வழிகள் உண்டு. ஆண்டு வருமானம் 2 கோடியாக இருக்கலாம். அல்லது நிகரச் சொத்து 7.5 கோடியாக இருந்து அதில் பாதி நிதிச் சொத்தாக இருக்கலாம். அல்லது வருமானம் 1 கோடியும் சொத்து 5 கோடியும் இருந்து, அந்தச் சொத்தில் பாதி நிதிச் சொத்தாக இருக்கலாம்.

‘பாஸ் த்ரூ’ என்கிறார்களே, அதன் பொருள் என்ன?

வரி விதிகளின் மையமே இதுதான். ஒரு சாதாரண நிறுவனம் லாபம் ஈட்டினால் அது முதலில் வரி கட்டுகிறது. மிச்சத்தைப் பங்குதாரருக்குக் கொடுக்கும்போது அவரும் வரி கட்டுகிறார். துணிகர முதலீட்டு நிதியை அப்படி நடத்தினால் ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி விழும். அதைத் தவிர்க்க, வருமானம் நிதியின் வழியாகக் கடந்து நேரே முதலீட்டாளரின் கணக்கில் விழுவதாக 115-யுபி பிரிவு கருதுகிறது. 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. நிதி ஒரு நிறுவனப் பங்கை விற்று ஆதாயம் கண்டால், அந்தப் பங்கை நீங்களே நேரடியாக வைத்திருந்து விற்றது போலவே உங்களுக்கு வரி. வருமானத்தின் தன்மையும் மாறுவதில்லை. நிதிக்கு நீண்ட கால மூலதன ஆதாயமாக வந்தது உங்களுக்கும் நீண்ட கால மூலதன ஆதாயம்தான், வட்டியாக வந்தது வட்டிதான். வணிக வருமானம் மட்டும் விலக்கு: அதற்கு நிதியே வரி கட்டும், உங்கள் கைக்கு வரும்போது வரி இல்லை. நிதி அறக்கட்டளையாக அமைந்திருந்தால், பெரும்பாலானவை அப்படித்தான், அந்த வணிக வருமானத்துக்கு உச்சபட்ச வீதத்தில் வரி.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பழைய துணிகர நிதிகளுக்கு 10(23எஃப்பி) பிரிவு வழியாக முன்பே விலக்கு இருந்தது. 2007இல் அரசு அதைச் சுருக்கி, உயிரித் தொழில்நுட்பம், மென்பொருள், விதை ஆராய்ச்சி, பால்பண்ணை, கோழிப்பண்ணை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில துறைகளுக்கு மட்டும் கொடுத்தது. எந்தத் துறையில் புதுமை பிறக்கும் என்பதை ஒரு பட்டியல் முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை அது. 2012இல் பட்டியல் நீக்கப்பட்டது. நல்ல முடிவு.

நிதி விற்கும் பங்கு மூலதனச் சொத்தா, வணிகச் சரக்கா என்ற சர்ச்சை முடிந்துவிட்டதா?

ஆம். பங்குகளை வாங்கி விற்பதே நிதியின் வேலை என்பதால் அதன் ஆதாயம் வணிக வருமானம்தான் என்று வரி அதிகாரி வாதிட இடம் இருந்தது. அந்த வாதம் வென்றால் குறைந்த வீத மூலதன ஆதாய வரி போய் உச்சபட்ச வீதம் வந்துவிடும். 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. செபி விதிகளின்படி முதல் இரண்டு வகை நிதிகள் வைத்திருக்கும் பங்குப் பத்திரங்கள் மூலதனச் சொத்துகளே என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பேச்சில் அதிகம் அடிபடாத திருத்தம் இது. ஆனால் இந்தத் துறைக்கு அண்மை ஆண்டுகளில் கிடைத்த உறுதிகளில் இதுவே பெரியது என்பேன்.

எவ்வளவு வரி?

பட்டியலிடப்படாத பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் வீதம் 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அதற்குள் விற்றால் குறுகிய கால ஆதாயம். உங்கள் வருமான அடுக்குக்குரிய ஸ்லாப் வீதத்தில் வரி. நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பிறகு அங்கே விற்றால் கால வரம்பு 12 மாதங்கள். அப்போது நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், குறுகிய கால ஆதாயத்துக்கு 20 சதவீதம். இவற்றோடு 4 சதவீத செஸ் சேரும். வருமானம் அதிகமானவர்களுக்கு சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் உண்டு என்றாலும், நீண்ட கால மூலதன ஆதாயத்தின் மேல் அது 15 சதவீதத்தைத் தாண்டாது.

வட்டியும் ஈவுத்தொகையும் ஸ்லாப் வீதத்தில் வரிக்கு உள்ளாகும். தொடக்கநிலை நிறுவனங்கள் ஈவுத்தொகை கொடுப்பது அரிது என்பதால் பெரும்பாலும் பேச்சு மூலதன ஆதாயத்தைப் பற்றியே இருக்கும்.

நிதிகள் வழக்கமாக வாங்குவது கட்டாயம் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளை. அவை சாதாரணப் பங்காக மாறும் நாளில் வரி எழாது. முன்னுரிமைப் பங்காக இருந்த காலமும் 24 மாதக் கணக்கில் சேரும்.

கைக்குப் பணம் வராமலேயே வரி கட்ட வேண்டி வருமா?

வரும். சேருவதற்கு முன்பே பலரும் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. நிதி ஒரு பங்கை விற்று, வந்த பணத்தை அந்த ஆண்டில் பகிராமல் வைத்துக்கொண்டாலும், நிதியாண்டின் கடைசி நாளில் அது உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாகச் சட்டம் கருதும். வரி உங்களுடையது, பணம் நிதியிடம்.

உள்நாட்டு முதலீட்டாளருக்கு 194-எல்பிபி பிரிவின் கீழ் நிதி 10 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கும். நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் செஸும் தேவைப்படும்போது, மிச்சத்தை நீங்கள் உங்கள் பையிலிருந்து போட வேண்டும். குறுகிய கால ஆதாயமோ வட்டியோ என்றால் இடைவெளி இன்னும் பெரிது. உதாரணமாக, நிதி விற்ற ஒரு பங்கில் உங்கள் பங்குக்கு 30 லட்சம் நீண்ட கால ஆதாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.5 சதவீத வரி 3.75 லட்சம். செஸ் 15,000. மொத்தம் 3.90 லட்சம். டிடிஎஸ் 3 லட்சம் கழிந்தால் 90,000 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டும். சர்சார்ஜ் இருந்தால் அதற்கும் மேல். இதை முன்கூட்டிய வரித் தவணைகளில் சேர்க்காமல் விட்டால் வட்டியும் ஏறும்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: பணத்தைப் பகிராவிட்டாலும் வரிக்குத் தேவையான அளவையாவது ஆண்டுதோறும் கொடுப்போம் என்று நிதி உறுதி தருகிறதா? தராத நிதியில் சேரவே கூடாது என்று சொல்லமாட்டேன். கேட்டு வாங்குங்கள் என்று சொல்வேன்.

நிதிக்கு நட்டம் வந்தால் அது எனக்குப் பயன்படுமா?

2019 வரை வருமானம் மட்டும்தான் முதலீட்டாளரிடம் கடந்து வந்தது, நட்டம் நிதிக்குள்ளேயே சிக்கி நின்றது. பத்து நிறுவனங்களில் ஐந்தோ ஆறோ கவிழும் தொழிலில் இது பெரிய அநீதி. ஒரு நிதியில் நட்டப்பட்டவர் தன் வேறு ஆதாயத்தோடு அதை ஈடுகட்ட முடியவில்லை. 2019ஆம் ஆண்டு இரண்டாம் நிதிச் சட்டம் அதைச் சரிசெய்தது. வணிக நட்டம் தவிர மற்ற நட்டங்கள் இப்போது உங்கள் கணக்குக்கு வரும். நிபந்தனை ஒன்றுதான்: யூனிட்டை, அதாவது நிதியில் உங்களுக்குள்ள பங்கை, நீங்கள் குறைந்தது 12 மாதங்கள் வைத்திருக்க வேண்டும்.

நீண்ட கால மூலதன நட்டத்தை நீண்ட கால ஆதாயத்தோடு மட்டுமே ஈடுகட்டலாம். குறுகிய கால நட்டத்தை இரண்டோடும் ஈடுகட்டலாம். மிச்சம் எட்டு ஆண்டுகளுக்கு முன்னே செல்லும். அதற்கு வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போய்விடும்.

மூடிப்போன ஸ்டார்ட்அப்பை நிதி கணக்கிலிருந்து தள்ளிவிட்டால் அது நட்டமாகக் கணக்கில் வருமா?

பெரும்பாலும் வராது. தங்கள் நிதி அனுப்பிய அறிக்கையைப் பார்த்துக் குழம்புபவர்கள் குழம்புவது இங்கேதான். மூலதன நட்டம் உருவாக வேண்டுமானால் சொத்து கைமாறியிருக்க வேண்டும். நிதி தன் புத்தகத்தில் ஒரு முதலீட்டின் மதிப்பைப் பூஜ்யமாக்குவது கைமாற்றம் ஆகாது. நிறுவனம் முறையாகக் கலைக்கப்பட்டு, பங்குதாரர்களுக்குச் சேர வேண்டியது தீர்க்கப்பட்டால்தான் அந்த இழப்பு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். கலைப்பு நடைமுறையோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நிறுவனர் வேறு வேலைக்குப் போயிருப்பார், கணக்குகள் தாக்கலாகாமல் கிடக்கும்.

அதனால் சில நிதிகள் இறந்துபோன நிறுவனப் பங்குகளைப் பெயரளவு விலைக்கு விற்று நட்டத்தைப் பதிவு செய்கின்றன. செய்யலாம், ஆனால் பட்டியலிடப்படாத பங்கை நியாயமான சந்தை மதிப்புக்குக் கீழே விற்றால், அந்த மதிப்புக்கே விற்றதாகக் கருதும் 50-சிஏ பிரிவு குறுக்கே நிற்கிறது. வாங்குபவருக்கும் வேறொரு பிரிவின் கீழ் வரி விழக்கூடும். எனவே மதிப்பு உண்மையாகவே ஒன்றுமில்லை என்பதைக் காட்டும் மதிப்பீட்டு ஆவணம் தேவை. நிதி மேலாளரிடம் அவருடைய வெற்றிக் கதைகளைக் கேட்பதோடு, மூடிய நிறுவனங்களின் நட்டத்தை எப்படிப் பதிவு செய்தார் என்றும் கேளுங்கள். மேலாளரின் ஒழுங்கு அந்தப் பதிலில் தெரியும்.

மேலாண்மைக் கட்டணத்தை ஆதாயத்திலிருந்து கழிக்கலாமா?

பொதுவாக முடியாது. மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது வாங்கிய விலை, மேம்பாட்டுச் செலவு, விற்பனைக்கென்றே நேரடியாக ஆன செலவு ஆகியவற்றுக்கு மட்டுமே இடம். ஆண்டுதோறும் மேலாளருக்குக் கொடுக்கும் கட்டணம் இவற்றில் அடங்குவதில்லை என்பதே வரித்துறையின் நிலை.

விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 1 கோடி போட்டீர்கள். கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து நிதியின் வாழ்நாளில் 20 லட்சம் போய்விட்டது. மீதி 80 லட்சம்தான் நிறுவனங்களுக்குள் சென்றது. கடைசியில் உங்களுக்குத் திரும்பி வந்தது சரியாக 1 கோடி. உங்களைப் பொறுத்தவரை லாபம் பூஜ்யம். சட்டத்தைப் பொறுத்தவரை 80 லட்சத்துக்கு வாங்கியதை 1 கோடிக்கு விற்றிருக்கிறீர்கள். ஆதாயம் 20 லட்சம். நீண்ட கால வீதத்தில் 2.5 லட்சமும் செஸும் கட்ட வேண்டும். ஒரு ரூபாய்கூட சம்பாதிக்காதவர் வரி கட்டுகிறார்.

இன்றைய விதிகளில் மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை இதுவே. நிதியை ஊடுருவி முதலீட்டாளரைப் பார்ப்போம் என்று சொல்லும் சட்டம், அந்த முதலீட்டாளர் உண்மையில் செலவழித்த பணத்தையும் பார்க்க வேண்டாமா? தொழில் அமைப்புகள் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகின்றன. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஏஞ்சல் வரி இப்போதும் இருக்கிறதா?

இல்லை. ஒரு ஸ்டார்ட்அப் தன் பங்கை நியாயமான மதிப்புக்கு மேல் விற்றுப் பணம் திரட்டினால், அந்தக் கூடுதல் தொகையை அந்த நிறுவனத்தின் வருமானமாகக் கருதி வரி விதிக்கும் ஏற்பாட்டை 2012ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. கறுப்புப் பணத்தைப் பிடிக்கப் போட்ட வலை அது. சிக்கியதோ, நேர்மையாகப் பணம் திரட்டிய சிறு நிறுவனங்களும்தான். நாளைய வளர்ச்சியை நம்பி முதலீட்டாளர் கொடுக்கும் விலையை நேற்றைய கணக்கேட்டை வைத்து அதிகாரி அளந்தார். வருமானமே இல்லாத நிறுவனத்துக்கு வருமான வரி நோட்டீஸ் போனது.

செபியில் பதிவான துணிகர நிதிகள் மூலம் வந்த பணத்துக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. தனிநபர்களிடம் நேரடியாகப் பணம் வாங்காமல் நிதிகளை நாடியதற்கு அதுவும் ஒரு காரணம். 2023இல் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் வலையை விரித்தார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இந்த வரி எவருக்கும் இல்லை. பழைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்கள் தாமாக மறைந்துவிடவில்லை. அவற்றுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இத்தகைய நிதியில் பணம் போட்டால் எனக்கு வரிக்கழிவு உண்டா?

இந்தியாவில் இல்லை. நுழையும்போது எந்தச் சலுகையும் கிடையாது. வெளியேறும்போது இரட்டை வரி இல்லை என்பது மட்டுமே.

பிற நாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. பிரிட்டனின் விதைநிலைத் திட்டத்தில் முதலீட்டுத் தொகையில் 50 சதவீதம் வருமான வரியிலிருந்து கழிகிறது. சற்று வளர்ந்த நிறுவனங்களுக்கான திட்டத்தில் 30 சதவீதம். ஆஸ்திரேலியாவில் பதிவு செய்யப்பட்ட தொடக்கநிலைத் துணிகர நிதியின் பங்காளிகளுக்கு 2016 ஜூலையிலிருந்து முதலீட்டில் 10 சதவீதம் வரை வரிக்கழிவு உண்டு, ஆதாயத்துக்கும் வரிவிலக்கு உண்டு. அங்கே நிதியின் அளவு 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டக் கூடாது. இஸ்ரேல் 1993இல் யோஸ்மா திட்டத்தின் கீழ் அரசுப் பணம் 10 கோடி அமெரிக்க டாலரை இறக்கி, தனியார் நிதிகளோடு கூட்டுச் சேர்ந்தது. வெற்றி பெற்றால் அரசின் பங்கை முன்பே பேசிய விலையில் தனியார் வாங்கிக்கொள்ளலாம் என்றது. நட்டத்தில் பங்கெடுத்து லாபத்தை விட்டுக்கொடுத்த அந்த ஏற்பாடுதான் அந்நாட்டின் துணிகர முதலீட்டுத் துறைக்கு அடித்தளம் போட்டது.

நுழைவுச் சலுகைக்கு ஒரு ஆபத்தும் இருக்கிறது. வரி மிச்சப்படுத்துவதற்காகவே பணம் போடுபவர்கள் நிறுவனத்தைப் பார்ப்பதில்லை. ஆனாலும் 1 கோடி வரம்புக்கு மேலிருக்கும் வசதி படைத்தவர்கள், நிலத்திலும் தங்கத்திலும் போடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இங்கே திருப்ப வேண்டுமானால், வரம்புக்குட்பட்ட ஒரு கழிவு பயன்தரும் என்பதே என் கருத்து.

அப்படியானால் இந்திய அரசு என்னதான் செய்கிறது?

முதலீட்டாளருக்கு வரிக்கழிவு கொடுப்பதைவிட நிதிக்கே பணம் கொடுக்கும் வழியை அது தேர்ந்தெடுத்திருக்கிறது. 2016இல் 10,000 கோடி ரூபாயில் ஸ்டார்ட்அப்களுக்கான ‘நிதிகளின் நிதி’ தொடங்கப்பட்டது. நடத்துவது சிறுதொழில்களுக்கான அரசு வளர்ச்சி வங்கியான சிட்பி. அது எந்த ஸ்டார்ட்அப்புக்கும் நேரடியாகப் பணம் தருவதில்லை. செபியில் பதிவான நிதிகளில் முதலீட்டாளராகச் சேர்கிறது. சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கையாவது அந்த நிதி அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களில் போட வேண்டும் என்பது நிபந்தனை. 2025 பட்ஜெட்டில் மேலும் 10,000 கோடி அறிவிக்கப்பட்டது.

இதன் அருமை பணத்தில் மட்டும் இல்லை. முதன்முறையாக நிதி தொடங்கும் மேலாளருக்கு முதல் முதலீட்டாளர் கிடைப்பதுதான் கடினம். சிட்பி சேர்ந்துவிட்டால் மற்றவர்கள் துணிந்து வருவார்கள். ஆனால் விண்ணப்பம், ஆய்வு, தவணைகள் வெளிவரும் வேகம் ஆகியவற்றில் பொறுமை வேண்டும். அரசுப் பணத்தை மட்டும் நம்பி முதல் முதலீட்டுத் தேதியைக் குறிக்க வேண்டாம்.

இதற்கும் முந்திய கட்டத்துக்கு 2021இல் 945 கோடியில் விதை நிதித் திட்டம் வந்தது. தொழில் வளர்ப்பகங்கள் (இன்குபேட்டர்கள்) வழியாக, கருத்தை நிரூபித்துக் காட்ட 20 லட்சம் வரை மானியமும், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் பத்திரமாகவோ கிடைக்கும் ஏற்பாடு. ஸ்டார்ட்அப் கடன்களுக்கு அரசு உத்தரவாதம் தரும் திட்டம் ஒன்றும் 2022 முதல் இருக்கிறது. அதன் உச்சவரம்பு 2025இல் 10 கோடியிலிருந்து 20 கோடியாக உயர்ந்தது.

தமிழ்நாட்டில் தனியாக ஏதாவது இருக்கிறதா?

வருமான வரி ஒன்றிய அரசின் அதிகாரம் என்பதால் மாநிலம் வரிச்சலுகை தர முடியாது. பணமாகத் தரலாம். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் திட்டம் தேர்ந்தெடுக்கப்படும் நிறுவனங்களுக்கு 10 லட்சம் தருகிறது. பெண்கள் தலைமையிலான, ஊரகம் சார்ந்த, பசுமைத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு 15 லட்சம். பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனர்களுக்கென்று 2022-23இல் 30 கோடியில் தொடங்கிய நிதியின் கீழ் அரசே பங்கு முதலீடு செய்கிறது. துணிகர முதலீட்டாளர்களின் வட்டத்தில் அறிமுகம் இல்லாதவர்களுக்கு முதல் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இது நேரான பதில். மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டியது என்று நினைக்கிறேன்.

நான் நிறுவனர். நிதி என்னிடம் முதலீடு செய்தால் என் வரிச் சலுகைகள் பாதிக்கப்படுமா?

80-ஐஏசி பிரிவின் கீழ் முதல் பத்து ஆண்டுகளில் ஏதாவது மூன்று தொடர் ஆண்டுகளின் லாபத்துக்கு முழு வரிவிலக்கு கேட்கலாம். 2016 ஏப்ரலுக்குப் பிறகு, 2030 ஏப்ரலுக்கு முன் பதிவான கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) இது பொருந்தும். ஒன்றிய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் மட்டும் போதாது, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டக் கூடாது. நிதி உள்ளே வருவதால் இது போகாது. முதல் மூன்று ஆண்டுகளிலேயே அவசரப்பட்டு இந்த விலக்கைத் தொடங்கிவிடாதீர்கள். லாபமே இல்லாத ஆண்டுகளில் விலக்கு வாங்கி என்ன பயன்?

கவனிக்க வேண்டியது நட்டத்தை முன்னெடுத்துச் செல்லும் 79ஆம் பிரிவு. பங்குரிமையில் குறைந்தது 51 சதவீதம் பழைய பங்குதாரர்களிடமே இல்லாவிட்டால் பழைய நட்டம் அழிந்துவிடும் என்பது பொது விதி. தகுதியுள்ள ஸ்டார்ட்அப்களுக்கு மாற்று வழி உண்டு: நட்டம் ஏற்பட்ட ஆண்டில் இருந்த பங்குதாரர்கள் அனைவரும் தங்கள் பங்குகளோடு தொடர்ந்தால், புதியவர்கள் எத்தனை சதவீதம் வாங்கினாலும் நட்டம் பிழைக்கும். ஆனால் ஆரம்பத்தில் 1 சதவீதம் வைத்திருந்த ஒரு நண்பர் தன் பங்கை முழுவதும் விற்றுவிட்டுப் போனால் இந்த வழி அடைபடும். பிறகு 51 சதவீத விதிதான் துணை. அடுத்த சுற்று முதலீட்டுக்குக் கையெழுத்திடும் முன் தணிக்கையாளரிடம் இதைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

மேலாளர் பெறும் லாபப் பங்குக்கு வரி எப்படி?

நிதி நன்றாக ஓடினால் மேலாளர் எடுத்துக்கொள்ளும் பங்கைத் துறையில் ‘கேரி’ என்கிறார்கள். இதை அவர் ஒரு தனி வகை யூனிட் வழியாகப் பெற்றால் மூலதன ஆதாயமாகவே காட்டுவது வழக்கம். சேவைக்கான ஊதியம் இது என்று பார்ப்பவர்களும் உண்டு. 2021இல் பெங்களூரு சேவை வரித் தீர்ப்பாயம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, அறக்கட்டளையும் அதன் முதலீட்டாளர்களும் ஒருவருக்கொருவர் சேவை செய்யும் தனித்தனி ஆட்கள் அல்லர் என்ற திசையில் போனது. நிதி தொடங்குபவர்கள் கேரியை எந்த வடிவில் பெறுகிறோம் என்பதை முதல் நாளே பத்திரத்தில் தெளிவாக எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றினால் சந்தேகம்தான் எழும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர் சேரலாமா?

சேரலாம். வெளிநாடுவாழ் இந்தியருக்கு 10 சதவீதம் என்ற டிடிஎஸ் பொருந்தாது. அந்தந்த வருமானத்துக்கு நடப்பில் உள்ள வீதத்தில் பிடிப்பார்கள். அவர் வாழும் நாட்டோடு இந்தியாவுக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் அதன் பலனைக் கேட்கலாம். அதற்கு அந்நாட்டின் வரி வசிப்பிடச் சான்றிதழ் தேவை. அந்நாட்டின் வரிச் சட்டம் இந்திய நிதியை எப்படிப் பார்க்கிறது என்பது தனிக் கேள்வி. சில நாடுகள் இந்தப் பாஸ் த்ரூ ஏற்பாட்டை ஏற்காமல், நிதியைத் தனி நிறுவனமாகவே கருதி வரி விதிக்கக்கூடும். அங்குள்ள ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆண்டுதோறும் நான் வாங்கி வைக்க வேண்டிய தாள்கள் எவை?

முக்கியமானது, உங்கள் பங்குக்கு வந்த வருமானத்தையும் நட்டத்தையும் வகை வாரியாகப் பிரித்துக் காட்டும் 64-சி படிவம். நிதியாண்டு முடிந்த பின் வரும் ஜூனுக்குள் நிதி அதைத் தர வேண்டும். வருமான வரித் துறைக்கும் 64-டி படிவத்தில் அதே விவரம் போகிறது என்பதால், உங்கள் கணக்கில் வேறு எண் இருந்தால் உடனே தெரிந்துவிடும். இவற்றோடு டிடிஎஸ் சான்றிதழ், நிதி கேட்ட ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் கட்டிய பணத்தின் ரசீது, நிதி பகிர்ந்த தொகையில் எவ்வளவு முதல், எவ்வளவு வருமானம் என்ற பிரிப்பு ஆகியவற்றையும் வைத்திருங்கள். முதல் திரும்ப வந்ததை வருமானமாகக் காட்டிக் கூடுதல் வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள். 64-சி ஜூலை பாதி வரை வரவில்லையென்றால் மேலாளருக்கு எழுத்து மூலம் கடிதம் அனுப்புங்கள், தொலைபேசியில் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.